பழைய பைக்கில் சார்ஜ் ஏறவில்லை: பெட்டரியா, ரெகுலேட்டரா, கொயிலா?

காலையில் செல்ஃப் சுற்றவில்லை, ஹோர்ன் கம்மிப் போகிறது, சிக்னல் போட்டால் விட்டு விட்டு எரியாமல் மங்கி நிற்கிறது. இது தெரிந்தவுடன் மலையகத்தில் பலர் நேரே பார்ட்ஸ் கடைக்குப் போய்ப் புதுப் பெட்டரி வாங்குகிறார்கள். சில கிழமை நன்றாக ஓடும். பிறகு பழையபடி. அடுத்து ரெகுலேட்டர் (கொயிலின் ஏசி கரண்டை டிசியாக்கி வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி), அதற்கடுத்து கொயில் (இஞ்சினோடு சுழலும் மெக்னட்டால் கரண்ட் உண்டாகும் செம்புச் சுற்று) என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, கடைசியில் ஒரு கப்ளருக்குள் (வயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பு) கருகிப்போன உலோகப் பின் ஒன்று அகப்படும். அதற்குள் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி போயிருக்கும்.

இலங்கையில் 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் தளர்ந்தது. அந்த இடைவெளியில் ஹொண்டா சிடி 125, எம்டி 90, சுசுகி ஜிஎன் 125, ஸ்ப்ளெண்டர், பஜாஜ் சிடி 100, ஜப்பான் 250கள் எல்லாம் ஓய்வுபெற வேண்டிய வயதிலும் ஓடிக்கொண்டிருந்தன, இன்றும் ஓடுகின்றன. இவற்றுக்குச் சாமான் வாங்குவதில் தெரிவுகள் நிறைய: புதிது, பாவித்தது, இந்தியத் தயாரிப்பு, சீனத் தயாரிப்பு, ரீவைண்டிங் (எரிந்த கொயிலுக்குப் புதுக் கம்பி சுற்றுவது). எதை எப்போது தேர்வது என்பதே இங்கே பேச்சு. எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: அளக்காமல் எதையும் வாங்கக் கூடாது. அளந்த பிறகும் பணத்தை முதலில் கப்ளருக்கும் வயருக்கும், பிறகு ரெகுலேட்டருக்கும் கொயிலுக்கும், கடைசியாகத்தான் பெட்டரிக்கும் செலவழிக்க வேண்டும்.

மலைநாட்டில் கணக்கு ஏன் வேறு

கொழும்பில் ஓடும் அதே பைக் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஓடும்போது சார்ஜிங் வேலை கடினமாகிறது. மே முதல் செப்டெம்பர் வரை மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மழையும் மூடுபனியும்; ஒக்டோபருக்குப் பிறகு பதுளை, பண்டாரவளைப் பக்கம் அதே கதை. பகலிலும் ஹெட் லைட் எரிகிறது. 35 வாட் பல்பு ஒன்று ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். இறக்கத்தில் பிரேக்கில் கால் வைத்தபடியே வந்தால் 21 வாட் பிரேக் லைட் இன்னும் 1.75 ஆம்பியர்.

இரண்டாவது, நியூட்ரலில் இறங்கும் பழக்கம். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில் பலரிடம் ஒட்டிக்கொண்ட பழக்கம் இன்னும் போகவில்லை. நுவரெலியாவிலிருந்து ரம்பொடைப் பக்கம் இஞ்சினை நிறுத்தி, லைட்டைப் போட்டு, பிரேக்கைப் பிடித்தபடி இறங்கினால் பெட்டரியிலிருந்து 5 ஆம்பியர் போகும். 5 ஆம்பியர்-அவர் பெட்டரியில் பாதி அரை மணி நேரத்தில் காலி. ஹெட் லைட் நேரடியாகக் கொயிலில் எரியும் வண்டிகளில் இஞ்சினை நிறுத்தினால் லைட்டே அணைந்துவிடும். அது பெட்டரிப் பிரச்சினையை விடப் பெரிய ஆபத்து. இரண்டாம், மூன்றாம் கியரில் இறங்கினால் மெக்னட் 3000 ஆர்பிஎம்மைச் சுற்றிச் சுழன்று சார்ஜும் ஏறும், பிரேக்கும் சூடாகாது.

மூன்றாவது குளிர். ஈயப் பெட்டரிக்குத் தேவையான சார்ஜிங் வோல்டேஜ் வெப்பநிலை ஒரு பாகை இறங்கினால் ஏறக்குறைய 0.02 வோல்ட் கூடும். 25 பாகைக்கும் நுவரெலியாவின் 10 பாகைக் காலைக்கும் வித்தியாசம் 0.3 வோல்ட். 13.5 வோல்ட் மட்டும் கொடுக்கும் தளர்ந்த ரெகுலேட்டர் கீழ்நாட்டில் சமாளித்துவிடும். இங்கே அதே ரெகுலேட்டரோடு பெட்டரி ஒருநாளும் முழுதாக நிரம்பாது.

நான்காவதுதான் மிகவும் ஏமாற்றுவது. வீட்டு வாசலே சரிவு. பெட்டரி செத்தாலும் தள்ளிவிட்டு ஸ்டார்ட் பண்ணிவிடலாம். பிளக்குக்குத் தீப்பொறி தரும் சிடிஐ பெட்டி மெக்னட் கொயிலிலிருந்தே கரண்ட் எடுக்கும் ஏசி சிடிஐ வண்டிகளுக்குப் பெட்டரியே வேண்டாம். ஆகவே பிழை மாதக் கணக்கில் மறைந்தே கிடக்கிறது. அந்த மாதங்களில் 12 வோல்ட்டுக்குக் கீழே கிடக்கும் பெட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் இறுகிப்போகிறது. பிறகு ரெகுலேட்டரைத் திருத்தினாலும் பெட்டரி திரும்பி வராது.

அளப்பது எப்படி

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். ஏசி, டிசி, ஓம், டயோட் என நான்கு நிலைகளும் வேலை செய்ய வேண்டும்.

சில கராஜ்களில் ஒரு சோதனை செய்வார்கள்: இஞ்சின் ஓடும்போதே பெட்டரி டெர்மினலைக் கழற்றி, "இஞ்சின் நிற்கவில்லை, சார்ஜ் இருக்கு அண்ணே" என்பார்கள். அதை அனுமதிக்காதீர்கள். பெட்டரி இல்லாமல் போனால் வோல்டேஜைத் தாங்கி நிற்க எதுவும் இல்லை. அந்த நொடியில் எழும் அதிர்வில் பல்பு, ரெகுலேட்டர், பெட்டரியில் ஓடும் டிசி சிடிஐ எதுவும் போகலாம். அதோடு அந்தச் சோதனை சார்ஜிங் அளவைப் பற்றி ஒன்றுமே சொல்லாது.

இரவு முழுக்க நிறுத்திய வண்டியில், சாவி போடாமல், பெட்டரியை அளங்கள். 12.6 முதல் 12.8 வரை நிறைந்தது, 12.2 பாதி; 12.0க்குக் கீழே போனால் முதலில் சார்ஜரில் போட்டு நிரப்ப வேண்டும். சார்ஜ் இல்லாத பெட்டரியை வைத்துக்கொண்டு அடுத்த சோதனைகளைச் செய்தால் எல்லா எண்களும் பொய் சொல்லும். சார்ஜர் இல்லையென்றால் பக்கத்து வீட்டு வண்டியின் நல்ல பெட்டரியை ஒரு மணி நேரம் இரவல் வாங்குங்கள். நிறைந்த பெட்டரி செல்ஃப் அடிக்கும்போது 9.5 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பெட்டரி தளர்ந்திருக்கிறது.

இனி இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, பெட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டரைப் பிடித்து, ஐட்லிங்கிலும் 5000 ஆர்பிஎம் அளவிலும், லைட் இல்லாமலும் லைட்டோடும் நான்கு எண்களை எழுதிக்கொள்ளுங்கள். ஆர்பிஎம் மீட்டர் இல்லாத வண்டியில் இரண்டாம் கியரில் ஏற்றம் ஏறும்போது வரும் சத்தத்தை அளவாக வைக்கலாம். 13.8 முதல் 14.8 வரை என்றால் சார்ஜிங் சரி. பிழை பெட்டரியிலோ எங்கோ கசியும் கரண்டிலோ இருக்கிறது. ரேஸ் கூட்டியும் 12.5இலேயே நின்றால் சார்ஜ் வரவில்லை. லைட் இல்லாமல் 14, லைட் போட்டால் 12.8 என்றால் கொயிலில் ஒரு பகுதி போயிருக்கலாம் அல்லது கப்ளரில் தடை இருக்கிறது. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை. பல்பு அடிக்கடி போகிறது, பெட்டரி தண்ணீர் சீக்கிரம் குறைகிறது என்ற முறைப்பாடுகள் இதோடு சேர்ந்தே வரும்.

15க்கு மேல் போகும் எல்லா வண்டியிலும் ரெகுலேட்டரைக் குற்றம் சொல்ல முடியாது. சில பழைய ஹொண்டாக்களில் ரெகுலேட்டருக்குச் சாவி சுவிட்ச் வழியாக ஒரு கறுப்பு வயர் வரும். அதில் தெரியும் வோல்டேஜைப் பார்த்துத்தான் அது வேலை செய்கிறது. சுவிட்ச்சின் தொடுபுள்ளி தேய்ந்து அங்கே 1 வோல்ட் விழுந்தால், ரெகுலேட்டர் பெட்டரி குறைவாக இருப்பதாக நினைத்து 1 வோல்ட் கூடுதலாகத் தள்ளும். கறுப்பு வயரையும் பெட்டரி பிளஸ்ஸையும் சேர்த்து அளந்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

அதன்பின் கொயில். இஞ்சினை நிறுத்தி, ரெகுலேட்டருக்குப் போகும் கொயில் கப்ளரைக் கழற்றுங்கள். மூன்று ஒரே நிற வயர் வந்தால் (ஹொண்டாவில் பெரும்பாலும் மஞ்சள், யமஹாவில் வெள்ளை) அது மூன்று ஃபேஸ் (மூன்று தனிச் சுற்றுகள் சேர்ந்த கொயில்). ஒவ்வொரு சோடிக்கும் இடையே தடை 1 ஓமுக்குக் கீழே, மூன்றும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மீட்டர் கம்பிகளை ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து, வரும் 0.2 அல்லது 0.3ஐக் கழித்துக்கொள்ளுங்கள், கழிக்காவிட்டால் இவ்வளவு சிறிய அளவுக்கு அர்த்தமில்லை. எந்த மஞ்சள் வயரிலிருந்தும் இஞ்சின் பொடிக்கு (உலோக உடலுக்கு) தொடர்பு காட்டக் கூடாது. காட்டினால் கொயில் எரிந்து ஏர்த் ஆகிவிட்டது. பிறகு இஞ்சினை ஓட்டி ஏசியில் அளந்தால், ரேஸ் கூட்டக் கூட்ட ஏறி 5000இல் 50 வோல்ட்டைத் தாண்ட வேண்டும். மூன்று சோடியும் ஏறக்குறைய சமமாக இருப்பதுதான் முக்கியம். அந்த நேரம் ஈரக் கையால் வயரைத் தொட வேண்டாம்.

ஸ்ப்ளெண்டர் போன்ற, ரெகுலேட்டரில் நான்கு பின் மட்டும் உள்ள வண்டிகளில் (நான்கு பின் வண்டிகள்) கதை வேறு. இங்கே கொயிலின் ஒரு முனை தயாரிப்பிலேயே பொடியோடு ஏர்த் பண்ணப்பட்டிருக்கும். வெள்ளை வயர் சார்ஜுக்கு, மஞ்சள் ஹெட் லைட்டுக்கு. பொடிக்குத் தொடர்பு காட்டுவது இங்கே சரியான நிலை. மூன்று ஃபேஸ் வண்டிக்குச் சொன்ன சோதனையை இதில் செய்து, "கொயில் ஏர்த்" என்று நல்ல கொயிலைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு. இதில் வெள்ளைக்கும் பச்சைக்கும் இடையே 1 ஓம் சுற்றி இருந்து, ஓடும்போது ஆர்பிஎம்மை இரட்டித்தால் ஏசி வோல்டேஜும் ஏறக்குறைய இரட்டித்தால் கொயில் நல்லது.

கொயில் நல்லது, சார்ஜ் மட்டும் இல்லை என்றால் மிஞ்சுவது இரண்டு: ரெகுலேட்டர், அல்லது அதிலிருந்து பெட்டரி வரைக்குமான வயர். முதலில் வயரைச் சோதியுங்கள். இஞ்சின் 4000இல் ஓடும்போது ரெகுலேட்டரின் சிவப்பு வயரிலிருந்து பெட்டரி பிளஸ்ஸுக்கு டிசி அளந்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. ரெகுலேட்டர் பச்சையிலிருந்து பெட்டரி மைனஸுக்கு 0.1. கூடுதலாக இருந்தால் பியூஸ் ஹோல்டர், கப்ளர், ஏர்த் போல்ட் மூன்றையும் திறந்து பாருங்கள்.

கப்ளர்: சுத்தம் பண்ணுவதா, மாற்றுவதா, நேரே சேர்ப்பதா

மலையக வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். சீட்டைக் கழற்றி, ரெகுலேட்டருக்குப் பக்கத்து வெள்ளைக் கப்ளரைப் பிரித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் ஒரு மூலையில் பழுப்பாகி, ஒரு பின்னைச் சுற்றி மட்டும் உருகி வளைந்திருக்கும். அந்தப் பின்னில் பித்தளையின் மினுக்கம் இருக்காது. சாம்பல் நிறத்தில் சுண்ணாம்பு பூசினாற் போலிருக்கும். வயரைப் பின்னுக்கு ஓரங்குலம் தள்ளி வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு கறுத்திருக்கும். ஈரம் முதலில் பின்னை அரிக்கிறது. அரித்த பின்னில் தடை கூடுகிறது. தடை சூட்டைத் தருகிறது. சூட்டில் பின்னின் இறுக்கம் தளர்கிறது. தளர்ந்தால் இன்னும் சூடு. இந்தச் சுழலில் ஒரு ஃபேஸ் போனால் மீதி இரண்டும் பாரத்தைச் சுமந்து கொயிலையும் எரிக்கும்.

இதற்கு மூன்று வழி. உப்புத்தாளால் சுரண்டிக் கொண்டக்ட் கிளீனர் அடிப்பது இலகு, ஆனால் அது டவுனிலிருந்து வீடு போய்ச் சேர்வதற்கான வேலை. ஒருமுறை உருகிய பின்னுக்கு ஸ்பிரிங் இறுக்கம் திரும்பி வராது. கப்ளரைத் தூக்கிவிட்டு வயரோடு வயர் ஈயம் பற்றவைப்பது நம் கராஜ்களில் வழக்கம். தடை குறைவு, செலவும் இல்லை. ஆனால் ஈயம் ஊறிய வயர் விறைப்பாகிவிடும். தோட்டத்துக் கல்ரோட்டு அதிர்வில் ஈயம் முடிகிற இடத்தில் முறியும். அடுத்தமுறை கொயிலைக் கழற்றவும் வெட்டத்தான் வேண்டும். நாங்கள் பரிந்துரைப்பது மூன்றாவது வழி: கறுத்த செம்பை நல்ல செம்பு வரை வெட்டி, புது 6.3 மில்லிமீட்டர் பித்தளை டெர்மினல்களைச் சரியான கிரிம்பரால் (டெர்மினலை வயரோடு அழுத்திப் பிடிக்கும் கருவி) அழுத்தி, புதுக் கப்ளரில் போட்டு, உள்ளே சிறிது டைஎலெக்ட்ரிக் கிரீஸோ வஸ்லினோ தடவி மூடுவது. இடையில் சேர்க்கும் வயர் 2 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பிளையரால் நசுக்கியது கிரிம்ப் ஆகாது. இழுத்தால் கழன்று வரும்.

இதோடு ரெகுலேட்டர் பொடியிலிருந்து பெட்டரி மைனஸுக்கு நேரடியாக ஒரு தனி ஏர்த் வயர் போடுங்கள். துருப்பிடித்த ஃபிரேமை நம்பியிருக்கும் பழைய வண்டிக்கு இந்த ஒரு வயர் தரும் பயனைப் பல புதுச் சாமான்கள் தருவதில்லை.

ரெகுலேட்டர்: எதைப் போடுவது

கராஜில் கட் அவுட் என்று சொல்வதும் இதைத்தான். சோதனையின் பின் இதுதான் பிழை என்று உறுதியானால் நான்கு தெரிவு.

ஒரிஜினல் கிடைத்தால், ஸ்ப்ளெண்டர், சிடி 100, பல்சர் போன்ற இந்திய வண்டிகளுக்கு அதுவே முடிவு. போலியோடு உள்ள விலை வித்தியாசம் ஒரு புதுப் பெட்டரியின் விலைக்கு ஈடாகாது, ஆனால் போலி ரெகுலேட்டர் அந்தப் பெட்டரியைத் தின்றுவிடும். கடையில் பெயரில்லாத சீனத் தயாரிப்பை வாங்கத்தான் வேண்டும் என்றால், போட்ட அன்றே 5000 ஆர்பிஎம்மில் அளங்கள். 14.8ஐத் தாண்டினால் திருப்பிக் கொடுங்கள். நான்கு பின் ரெகுலேட்டர்கள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கப்ளரும் பொருந்தும். பின் வரிசை மட்டும் கம்பனிக்குக் கம்பனி மாறும். மாதிரிப் படத்தை நம்பாமல், பழையதில் எந்த நிற வயர் எந்தப் பின்னில் என்று எழுதிக்கொண்டு போய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

பாவித்தது வாங்குவதானால் கடையிலேயே டயோட் நிலையில் சோதிக்கலாம். மூன்று ஃபேஸ் ரெகுலேட்டரில் ஒவ்வொரு கொயில் பின்னிலிருந்தும் பிளஸ் பின்னுக்கு ஒரு திசையில் 0.4 முதல் 0.7, மறு திசையில் ஒன்றும் காட்டக் கூடாது. இரு திசையிலும் பூச்சியம் என்றால் டயோட் ஷோர்ட். இந்தச் சோதனையில் தேறியது எல்லாம் நல்லதென்று சொல்ல முடியாது, ஏனென்றால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் பகுதியை இது தொடுவதில்லை. தேறாததைத் தவிர்க்க மட்டும் உதவும்.

ஜப்பான் 250 வண்டிகளில் இன்னொரு தெரிவு இருக்கிறது. பழைய ஷண்ட் வகை ரெகுலேட்டர், தேவைக்கு மேல் வரும் கரண்டை ஏர்த்துக்கு ஷோர்ட் பண்ணித்தான் வோல்டேஜை அடக்குகிறது. அதனால் லைட் எரிந்தாலும் எரியாவிட்டாலும் கொயில் எந்நேரமும் முழுப் பாரத்தில். சீரீஸ் வகை, தேவையில்லாத நேரம் கொயிலைத் திறந்துவிடும். கொயில் குளிர்ச்சியாக இருக்கும். ஷிண்டென்ஜெனின் எஸ்எச்775, எஸ்எச்847 இரண்டும் இந்த வகை. 775க்கு 35 ஆம்பியர், 847க்கு 50. ஒரு 250க்கு 775 தாராளம். ரீவைண்ட் செய்த கொயிலோடு சீரீஸ் ரெகுலேட்டரைச் சேர்ப்பது எங்கள் முதல் தேர்வு. ஆனால் இரண்டு நிபந்தனை: மூன்று ஃபேஸ் வண்டிக்கு மட்டும், கொயில் ஏர்த் ஆகாமல் இருக்க வேண்டும். நான்கு பின் வண்டிக்கு இது பொருந்தாது.

எதைப் போட்டாலும் காற்று படும் இடத்தில் பொருத்துங்கள். தண்ணீர் தெறிக்கிறது என்று சீட்டுக்கடியில் துணி சுற்றி வைத்தால் அது சூட்டில்தான் சாகும்.

கொயில்: ரீவைண்டிங்கா, பாவித்ததா, புதிதா

இந்திய வண்டிகளுக்குப் புதுக் கொயில் முழுத் தட்டோடு சேர்ந்தே கிடைக்கிறது; அதை விட்டு ரீவைண்டிங்குக்குப் போவது நேர விரயம். பழைய ஜப்பான் வண்டிகளில்தான் யோசிக்க வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தைப் பார்ட்ஸ் கடைகளில் பாவித்த கொயில் கிடைக்கலாம். ஆனால் அதன் வயது உங்கள் வண்டியின் வயதேதான். வார்னிஷ் கறுத்து, விரல் நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தால் விட்டுவிடுங்கள். இஞ்சின் நம்பரும் துருவ (கம்பி சுற்றிய இரும்புப் பல்) எண்ணிக்கையும் பொருந்தினால் மட்டும் வாங்கலாம்.

ரீவைண்டிங்கில் மலையகத்துக்கு ஒரு வசதி உண்டு: தேயிலைத் தொழிற்சாலை மோட்டாரும் தண்ணீர்ப் பம்பும் சுற்றுகிற ஆட்கள் பெரிய டவுன்களில் இருக்கிறார்கள். கை நேர்த்தியானது. ஆனால் மோட்டாருக்குப் போடும் சாமானையே இதற்கும் போட்டால் நிற்காது. பல பைக்குகளில் கொயில் சூடான இஞ்சின் எண்ணெய்க்குள் இருக்கிறது. ஆகவே வேலை கொடுக்கும்போது இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: 180 பாகை தாங்கும் எச் வகுப்பு எனாமல் கம்பி, எண்ணெய் தாங்கும், சூளையில் சுட்ட வார்னிஷ், வெளியே வரும் வயர் சிலிக்கனோ கண்ணாடி இழை உறையோ போட்டதாக இருக்க வேண்டும், சாதாரண பிவிசி எண்ணெயில் விறைத்து வெடிக்கும்.

பழைய கம்பியைப் பிரிக்கும் முன் படமெடுத்து, ஒவ்வொரு துருவத்திலும் எத்தனை சுற்று என்று எண்ணி, எனாமலைச் சுரண்டி மைக்ரோமீட்டரில் கம்பித் தடிப்பை அளந்து எழுதச் சொல்லுங்கள். 18 துருவ மூன்று ஃபேஸ் கொயிலில் ஒவ்வொரு மூன்றாவது துருவமும் ஒரே ஃபேஸ். எல்லாம் ஒரே திசையில் சுற்று. ஒற்றை ஃபேஸில் அடுத்தடுத்த துருவங்கள் எதிர்த் திசையில் சுற்றப்பட்டிருக்கும். திசை ஒன்று மாறினாலும் வோல்டேஜ் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். "கொஞ்சம் கூடச் சுற்றினால் நல்லா சார்ஜ் ஏறும்" என்று சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள். சுற்றுக் கூடினால் குறைந்த ஆர்பிஎம்மில் வோல்டேஜ் சீக்கிரம் வரும், ஆனால் மெல்லிய கம்பியும் கூடிய சுற்றும் சேர்ந்து உச்சக் கரண்டைக் குறைத்துவிடும். வேலை முடிந்ததும் அவர்களிடமே உள்ள 500 வோல்ட் மெகரால் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) கம்பிக்கும் இரும்புக்கும் இடையே சோதித்துத் தரச் சொல்லுங்கள். மூன்று ஃபேஸ் கொயிலுக்கு இந்தச் சோதனை கட்டாயம்.

மெக்னட்டைக் கழற்றப் புல்லர் வேண்டும். சுத்தியலால் அடித்தால் காந்தத் துண்டு உரிந்துவிடும் அல்லது கிராங்க் வளையும். கழற்றியதும் உள்ளே ஒட்டியிருக்கும் இரும்புத் தூளைத் துடைத்து, காந்தங்களை விரலால் அசைத்துப் பாருங்கள். திரும்பப் பூட்டும்போது கவர் கேஸ்கெட்டும் வயர் வெளியே வரும் ரப்பரும் புதிதாக இருக்கட்டும். உலர்ந்த கொயில் உள்ள வண்டிகளில் மழைத் தண்ணீர் உள்ளே போவது பெரும்பாலும் அந்த ரப்பர் வழியாகத்தான்.

பெட்டரி

தண்ணீர் ஊற்றும் பெட்டரியா, எம்எஃப் (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, மூடிய) பெட்டரியா என்பதை வண்டியின் ரெகுலேட்டர் முடிவு செய்யட்டும். 14.8க்குள் நிற்கும் வண்டிக்கு எம்எஃப் நல்லது. குண்டும் குழியுமான தோட்டத்து ரோட்டில் அமிலம் சிந்தாது. 15ஐத் தொட்டுத் தொட்டு வரும் பழைய வண்டியில் எம்எஃப் காய்ந்து போகும், திறந்து தண்ணீர் ஊற்றவும் முடியாது. அதில் தண்ணீர்ப் பெட்டரியே பிழைக்கும். மாதமொருமுறை காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும் ஊற்றி, மூச்சுக் குழாய் செயினில் படாமல் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். ஹைட்ரோமீட்டரில் (அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) ஒரு அறை மற்றவற்றை விட 0.050 குறைந்தால் அந்தப் பெட்டரிக்கு மேலும் செலவு வேண்டாம்.

லித்தியம் பெட்டரி இப்போது விற்பனைக்கு வருகிறது. பாரம் குறைவுதான். ஆனால் குளிர்காலைகளில் முதல் உந்தல் சோர்ந்திருக்கும். 15 வோல்ட்டைத் தாண்டும் ரெகுலேட்டர் அதைக் கெடுத்தே விடும். பழைய ஷண்ட் ரெகுலேட்டர் உள்ள வண்டிக்கு வேண்டாம்.

புதுப் பெட்டரி எதுவானாலும் அமிலம் ஊற்றிய கையோடு வண்டியில் பூட்டாதீர்கள். அரை மணி நேரம் ஊற விட்டு, கொள்ளளவில் பத்தில் ஒன்று கரண்டில், அதாவது 5 ஆம்பியர்-அவருக்கு 0.5 ஆம்பியரில், சார்ஜ் பண்ணிப் போடுங்கள். முதல் சார்ஜ் குறைந்த பெட்டரி பிறகு ஒருநாளும் முழுக் கொள்ளளவைத் தராது. அடியில் ரப்பர் போட்டு, கட்டும் பட்டியை இறுக்குங்கள். அதிர்வில் தகடு உதிர்ந்து சாகும் பெட்டரிகள் இங்கே நிறைய.

எல்இடி போட்டால் தீருமா

ஹெட் லைட் பெட்டரியில் எரியும் டிசி வண்டியில் தீரும்: 35 வாட்டுக்குப் பதில் 12 வாட் என்றால் ஐட்லிங்கிலும் பெட்டரிக்கு மிச்சம் இருக்கும். ஆனால் ஷண்ட் ரெகுலேட்டர் உள்ள வண்டியில் இதனால் கொயிலின் பாரம் குறையாது. மிச்சமான கரண்டும் ஏர்த்துக்குத்தான் போகும். நான்கு பின் ஏசி வண்டியில் எல்இடி துடிக்கும். அதற்குக் கொயிலின் ஏர்த் முனையைப் பொடியிலிருந்து பிரித்து, புது வயர் பற்றவைத்து வெளியே எடுத்து, இரண்டு முனையையும் ஏசியின் இரு பாதியையும் டிசியாக்கும் ஃபுல் வேவ் ரெகுலேட்டருக்குக் கொடுத்து, லைட்டைப் பெட்டரிப் பக்கம் மாற்ற வேண்டும். அதிகாலை நான்கு மணிக்குப் பால் எடுக்கப் போகிறவர், மூடுபனியில் மெதுவாக ஓட்டுகிறவர் இதைச் செய்வது நல்லது. ஐட்லிங்கிலும் வெளிச்சம் மங்காது. சிடிஐக்குப் போகும் கொயில், தீப்பொறி நேரத்தைச் சிடிஐக்குச் சொல்லும் சிறு பல்சர் கொயில் இரண்டையும் தொடக் கூடாது. பகலில் மட்டும் டவுனுக்குப் போய் வருகிறவருக்கு இந்தச் செலவு தேவையில்லை.

பழைய 6 வோல்ட் வண்டிகள் சிலவற்றில் ரெகுலேட்டரே இல்லை. ஹெட் லைட் சுவிட்ச் போடும்போது கொயிலின் இன்னொரு பகுதியும் சேர்ந்து பாரத்தைச் சமன் செய்யும். லைட் போட்டால் மட்டும் சார்ஜ் விழுகிறது என்றால் கைப்பிடிச் சுவிட்ச்சைத் திறந்து அந்தத் தொடுபுள்ளியைத்தான் முதலில் சுத்தம் பண்ண வேண்டும்.

எல்லாம் முடித்து 200 கிலோமீட்டர் ஓடிய பின், ஹெட் லைட்டைப் போட்டபடி ஒரு நீண்ட ஏற்றம் ஏறி நிறுத்தி, உடனே புதுக் கப்ளரை விரலால் தொட்டுப் பாருங்கள். ரெகுலேட்டர் சூடாக இருக்கலாம். கப்ளர் சூடாக இருந்தால் கிரிம்பை மறுபடி போட வேண்டும்.